கேள்வி கேட்பவளின் பயணச் செலவு

ஹேக் நகரத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்க ஒருவரால் முடிகிறது என்றால், வீட்டில் வேறு யாரோ அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பொருள். அப்பாவின் நிலமோ, அம்மாவின் ஓய்வூதியமோ, கணவனின் வேலையோ அந்த ஆறு மாதத்தைத் தாங்குகிறது. தாங்க ஆளில்லாதவர்கள் விண்ணப்பமே போடுவதில்லை. விண்ணப்பம் போடாதவர்களை யாரும் நிராகரிக்க வேண்டியதில்லை. இந்தச் சல்லடைக்குத்தான் 'தகுதி அடிப்படையிலான தேர்வு' என்று பெயர்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் ஏற்கப்பட்ட சட்டத்தால் உருவானது. அந்தச் சட்டம் 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகியவற்றைச் செய்த தனிமனிதர்களை விசாரிப்பது அதன் வேலை. அங்கே சட்ட மாணவர்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் உண்டு. தொழில் அனுபவம் உள்ள வழக்கறிஞர்களுக்கு 'விசிட்டிங் புரொஃபஷனல்' என்ற பெயரில் பயிற்சிப் பணி உண்டு. இரண்டுக்கும் பொதுவாகச் சம்பளம் கிடையாது; நன்கொடை நிதி இருக்கும்போது வளரும் நாடுகளைச் சேர்ந்த சிலருக்கு மட்டும் உதவித்தொகை கிடைக்கும். ஜெனீவாவில் ஐ.நா. அலுவலக இன்டர்ன்ஷிப்புகளின் கதையும் இதுதான். 2015-இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கட்டுப்படியாகாமல் ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகமெங்கும் வந்தது. அதைப் படித்து எல்லோரும் 'பாவம்' என்றார்கள். கூடாரம் போட்டுத் தங்குவதற்குக்கூட ஆணாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நம் ஊரிலிருந்து போன ஒரு பெண் ஏரிக்கரையில் கூடாரத்தில் படுத்திருந்தால், மறுநாள் வரும் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும்.

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி மதுரைக்கு வரும் ஒரு பெண் ஜூனியரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிவிட்டு, ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்கு ஓடி, மாலையில் சீனியர் அலுவலகத்தில் மனு தட்டச்சு செய்கிறவர். சீனியர் தருவது பல இடங்களில் பஸ் காசுதான். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. அதையடுத்து, சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி, 'சார், எனக்கு இது வர வேண்டும்' என்று கேட்டுவிட்டு மறுநாளும் அதே அலுவலகத்தில் உட்கார எத்தனை பெண்களால் முடியும்? ஒத்தக்கடைக்குப் போய்வரும் செலவையே கணக்குப் பார்க்கும் ஒருத்தியிடம், ஹேக் நகர வாடகைக்கு வங்கிக் கணக்கில் இருப்புக் காட்டு, விசா வாங்கு, அப்புறம் சர்வதேச நீதி பேசலாம் என்பது அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது.

'ஊரில் நடக்கும் வழக்குக்கே ஆளில்லை, ஹேக் எதற்கு?' என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேள்வி கேட்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சட்டத்தையே எப்படி மாற்றும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

1994-இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க, தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. ஒரு தீர்ப்பாயம் அமைத்தது. தாபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான் பால் அக்கயேசு மீதான விசாரணை 1997 ஜனவரியில் தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற சொல்லே இல்லை. நடந்தது யாருக்கும் தெரியாமல் இல்லை. வழக்குக்கு வேண்டியதாக யாரும் அதை எண்ணவில்லை. வேறு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன் ஆறு வயது மகளை மூன்று ஆண்கள் வல்லுறவு செய்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இன்னொரு சாட்சி தனக்கு நடந்ததைச் சொன்னார். நீதிபதிகள் அதைக் கடந்து போகவில்லை, மேலே கேட்டார்கள். அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. அப்போது அந்தத் தீர்ப்பாயத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி. வெளியே பெண்ணுரிமை அமைப்புகளும் நெருக்கின. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வல்லுறவும் இனப்படுகொலைச் செயல்தான் என்று உலகில் முதன்முறையாகச் சொன்னது. வல்லுறவை உடல் உறுப்புகளின் கணக்காக மட்டும் பார்க்காமல், வற்புறுத்தல் நிலவும் சூழலில் நடக்கும் பாலியல் அத்துமீறலாக வரையறுத்தது.

சாட்சிக் கூண்டில் நின்ற பெண்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சொல்லக் காத்திருந்ததைக் கேட்க அன்றைக்கு ஆள் இருந்தது.

நவநீதம் பிள்ளை அங்கே எப்படி வந்து சேர்ந்தார்? 1941-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டுநர். அவர்கள் வாழ்ந்த கிளேர்வுட் பகுதியின் இந்திய வம்சாவளி ஏழை மக்கள் பணம் திரட்டிக் கொடுத்துத்தான் அவர் நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்தார். சட்டம் முடித்த பிறகு வேலைக்குச் சேர்த்துக்கொள்ள எந்த அலுவலகமும் தயாராக இல்லை. 1967-இல் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். நேட்டாலில் அப்படித் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர்தான். ருவாண்டாத் தீர்ப்பாயத்தின் தலைவர், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இதை 'ஏழைப் பெண்ணின் வெற்றிக் கதை' என்று சொல்லி மேடையில் கைதட்டிவிட்டுப் போகலாம். நான் அதைக் கணக்காகப் பார்க்கச் சொல்கிறேன். கிளேர்வுட் மக்கள் போட்ட காசு ஒரு பெண்ணின் படிப்புக்கான தர்மமாக முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, அவர்கள் பார்த்தே இராத ஒரு நாட்டுப் பெண்களின் வாய்மொழி நீதிமன்றப் பதிவேட்டில் ஏற அதுவும் ஒரு காரணமானது. அந்தக் காசு இல்லாமல் போயிருந்தால் அந்த இருக்கையில் வேறொருவர் இருந்திருப்பார். அவரும் கேட்டிருக்கலாம், கேட்காமலும் விட்டிருக்கலாம். சர்வதேச நீதியில் பெண்களுக்கான இடம் இப்படித் தற்செயலை நம்பி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான், 1997-இல் பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு ரோம் சட்டத்துக்குள் போராடிச் சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். ஏழாவது பிரிவு வல்லுறவையும் பாலியல் அடிமைத்தனத்தையும் கட்டாயக் கர்ப்பத்தையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நீதிபதிகளில் ஆண், பெண் நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்கிறது முப்பத்தாறாவது பிரிவு. சட்டத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த நாற்காலிகளுக்குப் போகும் படிக்கட்டின் முதல் படி சம்பளமில்லாத படியாகவே இருக்கிறது. முதல் படியில் ஏற முடிந்தவர்களிலிருந்துதான் பிறகு சட்ட அலுவலர்களும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் வருகிறார்கள்.

அக்கயேசு தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு; நம் மாணவிகள் அவசியம் வாசிக்க வேண்டியது. கின்யருவாண்டா மொழியில் சாட்சிகள் வெவ்வேறு சொற்களைச் சொன்னார்கள். ஒன்றுக்குச் சேர்ந்து படுப்பது என்று பொருள், இன்னொன்றுக்கு மணவுறவுக்கு வெளியே கூடுவது, மற்றொன்றுக்குப் பலவந்தமாக எடுத்துக்கொள்வது. இவை எல்லாமே அந்தப் பெண்களின் வாயில் வல்லுறவையே குறித்தன என்பதை நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டியிருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். 'கெடுத்துட்டாங்க', 'சீரழிச்சிட்டாங்க', 'என்னை என்னவோ பண்ணிட்டாங்க', 'அவங்க வந்துட்டுப் போனாங்க'. இப்படித்தான் நம் பெண்கள் சொல்கிறார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். செய்தித்தாள் 'கற்பழிப்பு' என்று எழுதி, குற்றத்தை அவளுடைய கற்பின் மீது ஏற்றுகிறது. அந்தச் சொல்லை ஒழிக்க நாம் எத்தனை ஆண்டாகப் போராடுகிறோம்! 'என்னவோ பண்ணிட்டாங்க' என்பதை 'ஏதோ செய்தார்கள்' என்று மொழிபெயர்த்து அனுப்பினால் குற்றமே காணாமல் போய்விடும். அது காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள, அந்த மொழியில் வாழ்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் கோப்பு திறக்கப்படும் மேசையில் இருக்க வேண்டும். ஆங்கிலம் நன்றாகப் பேசுவது தகுதி என்கிறார்கள், இது தகுதியில்லையா?

இது யாரோ ஒரு நாட்டுக்கான கேள்வி இல்லை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் 46/1 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி, இலங்கையில் நடந்த குற்றங்களுக்கான சான்றுகளைத் திரட்டி, ஆராய்ந்து, வருங்கால வழக்குகளுக்காகப் பாதுகாக்கும் பணி ஜெனீவாவில் நடக்கிறது. 2015 செப்டம்பரில் வெளியான ஐ.நா. விசாரணை அறிக்கை அரசப் படைகளின் கொலைகளையும் பாலியல் சித்திரவதைகளையும் பதிவு செய்தது; புலிகள் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் பதிவு செய்தது. இரண்டையும் ஒரே நேர்மையோடு கேட்கத் தெரிந்தவர்தான் வழக்கறிஞர்; கொடிக்கு ஏற்பக் காதை மூடுகிறவர் கட்சிக்காரர்.

அந்தச் சாட்சியங்களில் ஒரு பகுதி மதுரையைச் சுற்றியே இருக்கிறது. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் கடல் கடந்து வந்த பெண்கள் வாழ்கிறார்கள். திருவாதவூருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கும் இடையே ஒரு டவுன் பஸ் தூரம்தான். 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த ஒரு மகள் சட்டம் படித்தாலும் கருப்பு அங்கி போட முடியாது. வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஆவது பிரிவு பொதுவாக இந்தியக் குடிமக்களையே பதிவு செய்ய அனுமதிக்கிறது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர் குடிமகளாக, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019-இன் குடியுரிமைத் திருத்தம் இவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. சாட்சியத்தை மிக நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவளுக்கு அங்கியும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

இந்திய அரசுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1998-இல் ரோமில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இன்றுவரை உறுப்பு நாடாகவில்லை. 2021-இல் 46/1 தீர்மானத்திலும் ஒதுங்கியது. பாதுகாப்பு மன்றத்துக்கு அதிக அதிகாரம் தரப்பட்டது, அணு ஆயுதம் குற்றப்பட்டியலில் இல்லை என்று ரோமில் இந்தியா சொன்ன காரணங்களில் நியாயம் உண்டு. உள்நாட்டு மோதல்களையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்றும் சொன்னதே, அங்கேதான் நமக்குச் சந்தேகம் வருகிறது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப் படை நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றதை மறந்துவிட்டு, நாம் சர்வதேச நீதி பேச முடியாது. உறுப்பு நாடாகாததன் விலையை டெல்லி கொடுப்பதில்லை. நிரந்தரப் பணிகளில் உறுப்பு நாட்டவருக்கு முன்னுரிமை தரும் நீதிமன்றத்தில் நம் இளம் வழக்கறிஞர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள். விலை அவர்கள் தலையில்.

'அது வெள்ளைக்காரர்களின் நீதிமன்றம்; ஆப்பிரிக்கர்களை மட்டும்தான் பிடிக்கும்' என்ற விமர்சனம் நீண்ட காலம் உண்மையாகவே இருந்தது. அதன் வழக்கறிஞர்கள் வேறு திசையில் திரும்பியபோது 2020-இலும் 2025-இலும் அமெரிக்கா அவர்கள் மீதே தடை விதித்ததையும் பார்த்தோம். ஆகவே யார் பணம் என்பது முக்கியம். மேற்கத்திய நிறுவனம் தரும் உதவித்தொகையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கிடைப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் எந்த நாட்டுக் குற்றம் முக்கியம், எந்த ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதைப் பணம் தருபவர்தான் முடிவு செய்வார். அந்த நீதிமன்றம் ஒருதலையானது என்று சொல்லிவிட்டு, அதற்குள் நுழையும் வழியை லண்டனுக்கும் டெல்லிக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது எந்த வகை எதிர்ப்பு?

'உள்ளூர் வழக்கு முதலில்' என்ற வாதத்துக்கு வாச்சாத்தியே பதில். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக் கிராமத்துக்குள் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தொரு ஆண்டுகள். அங்கேயும் அந்தப் பெண்களின் பேச்சை முதலில் அதிகாரபூர்வமாகப் பதிந்தவர்களில் ஒருவர் பெண்: பட்டியல் சாதிகள், பழங்குடிகள் ஆணையத்தின் அதிகாரியாக வந்த பாமதி. சீருடையில் கூட்டமாக வந்து செய்யும் குற்றத்தில், கட்டளை யார் கொடுத்தது, தடுக்கக்கூடியவர் ஏன் தடுக்கவில்லை, ஒரே மாதிரி நடந்ததை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விகள் வாச்சாத்திக்கும் தாபாவுக்கும் பொது. அங்கே ஓராண்டு இந்த வேலையைக் கற்றுவரும் ஒருத்தி அதை மதுரை நீதிமன்றத்துக்கும் அரூர் மலைக்கும் கொண்டுவருவாள். உள்ளூரா, உலகமா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே ஏமாற்று. வசதி படைத்தவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று: சர்வதேச நீதிமன்றங்களும் ஐ.நா. அலுவலகங்களும் வேலைக்குச் சம்பளம் தர வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. அதே ஹேக் நகரில் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்தில், இளம் சட்டப் பட்டதாரிகளை அனுப்பும் பல்கலைக்கழகமே அவர்கள் செலவை ஏற்க வேண்டும் என்ற நிலை இருந்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்களே அனுப்பின. 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவோருக்காக ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டது. கேட்டதால் வந்தது.

இரண்டு: தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு நிதி ஒதுக்க வேண்டும். இப்போதுள்ள வெளிநாட்டு உதவித்தொகைகள் பட்டப் படிப்பை நினைத்து வகுக்கப்பட்டவை. தொழில் செய்யும் வழக்கறிஞர் ஓராண்டு பயிற்சிப் பணிக்குப் போக அவை உதவாது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையோ முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் மட்டும். 2022-இல் அதன் விதிகளில் இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுக்குப் பணமில்லை என்று எழுதிச் சேர்த்தார்கள். தலித் பெண்ணை அரசுப் பணத்தில் அனுப்பினால் அவள் நம்மைப் பற்றியே எழுதிவிடுவாளோ என்ற பயம்! மாநில நிதி அப்படி வாயைக் கட்டாததாக இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்யும் பெண்களுக்கு, அதிலும் தலித், பழங்குடிப் பெண்களுக்கு முதலிடம் வேண்டும். பிள்ளைப் பேற்றுக்காக இடையில் தொழிலை விட்டவர்களை வெளியே தள்ளும் வயது வரம்பு கூடாது. குழந்தையோடு போகிறவருக்கு அதற்கும் செலவு தர வேண்டும். பணம் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். செலவு செய்துவிட்டு ரசீது கொடு என்பது மறுபடியும் வசதியுள்ளவருக்கான திட்டம்.

மூன்று: அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள மதுரை அரசு சட்டக் கல்லூரி போன்ற கல்லூரிகளும் சர்வதேசக் குற்றவியல் சட்டத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடமாக நடத்துவதை நிறுத்தி, சாட்சியம் பதிவது, தமிழிலிருந்து மொழிபெயர்ப்பது, பாதிக்கப்பட்டவரை மறுபடி நோகடிக்காமல் கேட்பது ஆகியவற்றை முகாம்களுக்கும் கிராமங்களுக்கும் போய்க் கற்றுத்தர வேண்டும்.

நான்கு: முகாமில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை. அது கிடைக்கும் வரை, சட்டம் படித்த முகாம் பெண்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய வழி.

ஐந்தாவது நமக்கு. கோயில் கொடைக்கும் காதணி விழாவுக்கும் வீடு வீடாக வரி போடத் தெரிந்த ஊர் இது. சுயஉதவிக் குழுவில் வாரம் தவறாமல் பணம் கட்டிச் சீட்டையும் கடனையும் நடத்திக் காட்டியவர்கள் நம் பெண்கள். மதுரையின் பெண் வழக்கறிஞர்களும் ஆசிரியைகளும் தொழிற்சங்கப் பெண்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருத்தியை அனுப்பும் நிதியைத் தொடங்க அரசாணை தேவையில்லை. கிளேர்வுட்டில் பஸ் ஓட்டுநர்களின் குடும்பங்கள் செய்ததை, அவர்களைவிட வசதியாக இருக்கும் நாம் செய்யாமலிருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் கொடுக்கிறோம் என்பதற்காக அரசு தப்பித்துக்கொள்ள விடக் கூடாது. நம் காசு முதல் ஆளை அனுப்பட்டும். அரசின் காசு வரிசையை அனுப்பட்டும்.

போகிறவளிடம் நாம் நன்றி கேட்க வேண்டாம். கோப்பைத் திறந்து, 'என்னவோ பண்ணிட்டாங்க' என்ற வரியில் நிறுத்தி, 'என்ன பண்ணினார்கள், சொல்லுங்கள் அக்கா' என்று அவள் கேட்டால் போதும்.